சிறைப்புறமும் கேட்போரும்

1. நுவல்பொருள்

தமிழில் சிறையிலக்கியம் பற்றி இதுகாறும் நிகழ்ந்த ஆராய்ச்சி, பெரும்பாலும் சிறைக்குள் இருந்தோரின் எழுத்தைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. நாட்டு விடுதலை வேண்டிச் சிறை புகுந்தோரும், மொழியின் பொருட்டும் கொள்கையின் பொருட்டும் சிறை புகுந்தோரும் எழுதிய நாட்குறிப்புகளும் மடல்களும் தன்வரலாறுகளும் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடையும் கருத்தும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின், சிறையிலிருந்து வந்த சொல்லைப் பெற்றவர் யாவர், அவர் அதனை எவ்வாறு கேட்டனர், கேட்டு என் செய்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. கூறுவோர் ஒருவர் உளரெனின் கேட்போரும் ஒருவர் உளர். கேட்போரை விடுத்துக் கூற்றை மட்டும் ஆராய்வது பாதி ஆராய்ச்சியே ஆகும்.

இன்று சிறையிலிருந்து வீட்டிற்கு வருவது பெரும்பாலும் மடல் அன்று, தொலைபேசிக் குரலே. அன்புடையார் ஒருவர் சிறையில் இருக்க, அவர் குரலைச் சில நிமிடங்கள் செவியால் மட்டும் பெறும் தாயும் மனைவியும் மக்களும் இந்நாட்டில் பலர். அவர்கள் கேட்கும் முறையும் மறுமொழி கூறும் முறையும் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளே என்பதும், அதனை ஆராய்தற்கு வேண்டும் கருவி நம் பழைய பொருளிலக்கணத்திலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. சிறைப்புறம் என்னும் துறை

சிறை என்னும் சொல் பல பொருள் ஒருசொல். சிறகு, பக்கம், அணை, வேலி, காவல், அடைத்து வைக்கும் இடம் எனப் பல பொருள்கள் அதற்கு உண்டு. ஒன்றனை ஒன்றிலிருந்து பிரித்து நிறுத்தும் எல்லை என்னும் பொருள் இவற்றுட் சிலவற்றிற்குப் பொதுவாக இருத்தலைக் காணலாம். அகப்பாடல்களில் வரும் சிறைப்புறம் என்பது வேலியின் புறம், அஃதாவது மனையைச் சூழ்ந்த எல்லைக்கு வெளியிடம் ஆகும். தண்டனை பெற்றோரை அடைக்கும் கோட்டத்தை அச்சொல் ஈண்டுக் குறிப்பதன்று. இவ்வேறுபாட்டை முதற்கண் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்; இன்றேல் சொல்லொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு ஆராய்ச்சி வழுக்கி விழும்.

சொல்லால் ஒத்தல் தற்செயலாயினும், துறையின் அமைப்பு நம் பொருளுக்கு ஆழ்ந்த வகையில் உதவுகின்றது. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய தொகைகளில் பாட்டின் அடியில் நிற்கும் துறைக்குறிப்புகள் பல, தலைவன் வேலிப்புறத்தே மறைந்து நிற்பதாகவும், தோழி தலைவியை நோக்கிப் பேசுவதாகவும் கூறுகின்றன. பேச்சு முன்னிலையாக்குவது தலைவியை. சென்று சேரவேண்டிய செவி தலைவனுடையது. இரவில் வருதலின் இடர், ஊரார் அலர், அன்னையின் காவல், வரைவின் தேவை ஆகியவற்றையெல்லாம் தோழி தலைவிக்கு உரைப்பாள்போல் உரைக்கின்றாள். தலைவன் அறிய வேண்டுவதை நேரே சொல்லாது, அவன் கேட்குமாறு பிறரிடம் சொல்லுகின்றாள்.

இத்துறையில் மூவர் உளர்: கூறுவோர், முன்னிலையாவோர், மறைந்து கேட்போர். இம்மூவரும் ஒருவரையொருவர் அறிந்த நிலையிலேயே கூற்றுப் பொருள் பெறுகின்றது. தொல்காப்பியர் செய்யுளியலில் கூற்றினை ஓர் உறுப்பாகவும், கேட்போரை மற்றோர் உறுப்பாகவும் பிரித்து வைத்தமை இதனால் விளங்கும். களன், காலம், எச்சம், முன்னம் என்பனவும் அங்குத் தனித்தனி உறுப்புகளாக எண்ணப்பட்டுள்ளன. சொல்லப்படாது எஞ்சி நின்று, பிறிதொரு சொல்லாலோ குறிப்பாலோ நிரம்புவது எச்சம். இடமும் காலமும் நோக்கி, இம்மொழி இன்னாரால் இன்னார்க்குச் சொல்லத் தக்கது என உணரச் செய்வது முன்னம். பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இவ்வுறுப்புகளை விரித்து உரை கண்டுள்ளனர்.

சிறையிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சிலும் மூவர் உளர். பேசும் கைதி ஒருவர். வீட்டில் கேட்கும் உறவினர் ஒருவர். இடையே, கண்ணுக்குப் புலனாகாது கேட்கும் காவலர் ஒருவர். சங்கத் துறையில் மறைந்து கேட்பவன் அன்புடையவன். இங்கு முன்னிலையாவோரே அன்புடையோர், மறைந்து கேட்பவர் அயலார். அங்கு மறைந்த செவிக்கு எட்டவேண்டும் என்று பேச்சு அமைகின்றது. இங்கு அச்செவிக்கு எட்டினும் பொருள் விளங்காதிருக்க வேண்டும் என்று அமைகின்றது. நோக்கம் மாறினும், இருவகைப் பேச்சிலும் பொருளின் பெரும்பகுதி எச்சத்திலும் முன்னத்திலும் தங்குகின்றது. ஆதலின், சிறைப்புறத் துறையை ஆராய்ந்து பயின்ற கண்ணுக்கு இப்புதிய பேச்சு அயலானதன்று.

3. பழைய நூல்களில் சிறைக்கு வெளியே நின்றோர்

தமிழில் சிறையிலிருந்து எழுந்த பாட்டு என்றவுடன் அறிஞர் நினைவிற்கு வருவது புறநானூற்று 74ஆம் பாட்டே. சேரமான் கணைக்காலிரும்பொறை சோழன் செங்கணானுடன் பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். கேட்ட தண்ணீரைக் காலம் தாழ்த்துப் பெற்றும் உண்ணாது, அப்பாட்டைச் சொல்லி உயிர் நீத்தான் என்று அதன் பழங்குறிப்பு கூறும். மானம் என்னும் பொருளுக்கு இப்பாட்டினை எடுத்துக்காட்டுவார் பலர். அதனைக் கேட்டவர் யார் என்று வினவுவார் சிலரே.

பிற்கால மரபு ஒன்று அவ்வினாவிற்கு விடை தருகின்றது. சேரனுடைய புலவராகிய பொய்கையார் செய்தி அறிந்து, செங்கணானின் போர்க்களச் சிறப்பைக் களவழி நாற்பது என்னும் நூலாகப் பாடிச் சேரனை விடுவித்தார் என்பது அம்மரபு. சேரன் சிறையிலேயே இறந்தான் என்பதும், விடுதலை பெற்றான் என்பதும் தம்முள் முரணுவன. வரலாற்றறிஞர் இம்முரணை ஆராய்ந்து பல்வேறு முடிவுகள் கூறியுள்ளனர். ஈண்டு அது நமக்கு வேண்டற்பாலதன்று. மரபின் உட்பொருளே வேண்டற்பாலது. சிறைக்கு வெளியே நிற்பவர், சிறைப்படுத்தியவனையே புகழ வேண்டியவராகின்றார். உள்ளே இருப்பவனுக்கு மானம் காக்கும் உரிமை உண்டு. தண்ணீரை மறுத்து அவன் இறக்கலாம். வெளியே நிற்பவர் அம்மானத்தை மேற்கொள்ளின் தம்மவரை மீட்டல் இயலாது. சிறை வாயிலில் காவலரிடம் பணிவுடன் பேசும் தாயின் நிலையும், மனுவின் மேல் மனு எழுதும் மனைவியின் நிலையும் இம்மரபில் முன்னரே பொறிக்கப்பட்டுள்ளன என்னலாம்.

இரண்டாவது எடுத்துக்காட்டுச் சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் உள்ளது. வார்த்திகன் என்னும் அந்தணன், தன்னிடம் இருந்த அணிகலன் காரணமாகப் பொய்யாக ஐயுறப்பட்டுச் சிறையிடப்படுகின்றான். அவன் மனைவி கார்த்திகை அழுது மண்ணிற் புரள்கின்றாள். ஐயை கோயிலின் கதவு திறவாதாயிற்று. அதனை அறிந்த பாண்டியன் நிகழ்ந்ததை ஆராய்ந்து, வார்த்திகனை விடுவித்து, ஊர்களும் அளித்துப் பிழை பொறுக்க வேண்டுகின்றான். இங்குச் சிறைப்பட்டவன் பேசிய பேச்சினால் நீதி பிறக்கவில்லை. வெளியே நின்றவளின் அழுகையே நீதியை எழுப்பிற்று. கண்ணகியின் வழக்குரைக்குப் பின்வரும் பகுதியில் இளங்கோவடிகள் இக்கதையை அமைத்தமை கருதத்தக்கது. ஒருத்தி காலம் கடந்தபின் கேட்கப்பட்டாள். மற்றொருத்தி காலத்தில் கேட்கப்பட்டாள்.

மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. அங்கும் சிறைக்கு வெளியிலிருந்து உள்ளே செல்பவளின் செயலே கதையை நடத்துகின்றது. ஆயினும் இம்மூன்று நூல்களிலும் ஒன்று இல்லை. உள்ளிருப்போரும் வெளியிருப்போரும் நாள்தோறும் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு இல்லை. அதற்கு அஞ்சலும் அதன்பின் தொலைபேசியும் தோன்ற வேண்டியிருந்தது.

4. மடல் வந்த காலம்

1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. அச்செய்தி கேட்டு அவர் இளவல் மீனாட்சிசுந்தரம் அறிவு பேதலித்தார் என்பது வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. மேன்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார். செக்கிழுத்த துயரை நாம் அறிவோம். அவர் செய்யுளில் எழுதிய தன்வரலாற்றைப் படிக்கின்றோம். தீர்ப்பைக் கேட்ட ஒருவரின் அறிவு நிலைகுலைந்தது என்பதோ ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. சிறைச்செய்தியைக் கேட்பது எத்துணைக் கடிய செயல் என்பதற்கு இதனினும் பெருஞ்சான்று வேண்டுவதில்லை.

அறிஞர் அண்ணா 1963இல் மொழிப்போராட்டத்தின்பொருட்டுச் சிறைப்பட்டார். அச்சிறை வாழ்வைக் கைதி எண் 6342 என்னும் தலைப்பில், தம்பியை விளித்து எழுதிய மடல்களாகக் காஞ்சி இதழில் வெளியிட்டார். இங்குக் கேட்போர் வீட்டார் அல்லர். இயக்கத்தார் அனைவரும் தம்பி என்னும் ஒரு சொல்லில் அடங்குகின்றனர். குடும்ப உறவின் பெயரால் பொதுமக்களை விளிக்கும் இவ்வுத்தி, சிறைமடலை மேடைப் பேச்சிற்கு அணுக்கமாக்கியது. ஆதலின் அது ஒளிவு மறைவு இல்லாத கூற்று; மறைந்து கேட்பவரையும் எதிர்நோக்கி எழுதப்பட்ட கூற்று. அரசியற் சிறையாளரின் மடல்கள் பலவும் இவ்வகையின. அவற்றைக் கொண்டே சிறையிலக்கியத்தின் இலக்கணத்தை வகுத்தமையால், பொதுக் குற்றவாளியின் வீட்டிற்கு வந்த அஞ்சலட்டை நம் கண்ணிற் படாதாயிற்று.

பெறுவோரின் பணி எத்தகையது என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று காட்டலாம். இத்தாலிய அறிஞர் அந்தோனியோ கிராம்சி 1926இல் சிறைப்பட்டு 1937இல் இறந்தார். அவருடைய சிறைமடல்களுள் பெரும்பகுதி அவர் மனைவியின் தமக்கையாகிய தாத்தியானா சுக்ட்டுக்கு எழுதப்பட்டவை. அவர் அம்மடல்களைப் பெற்றார். படியெடுத்துப் பிறர்க்கு அனுப்பினார். வேண்டிய நூலும் மருந்தும் சேர்ப்பித்தார். சிறைக் குறிப்பேடுகளையும் காத்தார். அவர் இலரேல் இன்று உலகம் போற்றும் அந்நூல்களுட் பல நமக்குக் கிடைத்திரா. ஆயினும் ஆராய்ச்சியுலகில் அவர் பெயர் அடிக்குறிப்பிலேயே பெரிதும் காணப்படுகின்றது.

மடலிலும் மறைந்து கேட்போர் உண்டு. சிறை அலுவலர் படித்துப் பார்த்த பின்னரே மடல் வெளிச்செல்லும். நம் நாட்டில் மற்றொரு செவியும் இடையிட்டது. எழுத்தறியாத தாய்க்கு வந்த மடலைப் பள்ளியாசிரியரோ, அஞ்சற்காரரோ, அண்டை வீட்டுச் சிறுவனோ படித்துக் காட்ட வேண்டியிருந்தது. மகனுடைய சொல் அயலார் வாய்வழியே தாயின் செவியை அடைந்தது. தாயின் மறுமொழியும் அயலார் கைவழியே சென்றது. இதனை மறந்துவிட்டு, மடற்காலத்தைப் பொற்காலமாகவும் தொலைபேசிக் காலத்தைத் தேய்வாகவும் கருதுதல் பொருந்தாது. எழுத்தறியாத் தாய்க்கு மகனின் குரலை மகன் வாயிலிருந்தே தந்தது தொலைபேசியே ஆகும்.

5. குரல் வரும் காலம்

1955இல் செனீவாவில் வகுக்கப்பட்ட சிறையாளர் நடத்தைக்கான குறைந்த அளவு நெறிகள், குடும்பத்தாருடன் தொடர்பு கொள்ளும் வழிகளாக மடலையும் நேர்காணலையுமே கூறின. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை அவற்றைத் திருத்தி, நெல்சன் மண்டேலா நெறிகள் என்னும் பெயரால் ஏற்றபோது, 58ஆம் நெறியில் தொலைத்தொடர்பும் மின்வழித் தொடர்பும் இடம்பெற்றன. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டுச் சிறை மாதிரிக் கையேடும் கட்டணம் பெற்றுத் தொலைபேசி வசதி அளித்தற்கு இடம் தருகின்றது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டு நேர்காணல்கள் நிறுத்தப்பட்டபோது, தமிழகச் சிறைகளில் கைதிகள் காணொலி வழியே உறவினருடன் பேச வழி செய்யப்பட்டது.

நேர்காணலைத் தமிழகத்துச் சிறை வாயில்களில் மக்கள் 'மனு' என்றே வழங்குவர். மகனைக் காணச் செல்லும் தாய் 'மனு பார்க்கப் போகிறேன்' என்பாள். மனு எழுதிக் கொடுத்துக் காண்பதால் காட்சிக்கே மனு என்பது ஆகுபெயராயிற்று. ஒருவரைக் காண்பதும் வேண்டுகோள் விடுப்பதும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கு, பொய்கையார் பற்றி மேலே கூறியதனை நினைவூட்டுகின்றது. மனு பார்க்க ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். புழலுக்கோ வேலூருக்கோ பேருந்து ஏற வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். கம்பி வலைக்கு இருபுறமும் பலர் ஒரே காலத்தில் உரக்கப் பேசும் ஓசையினிடையே பேச வேண்டும். தொலைபேசி இவ்விடர்களை நீக்கிற்று. ஆயின் தனக்குரிய மூன்று இயல்புகளைப் பேச்சின்மேல் ஏற்றிற்று.

முதலாவது, அழைப்பு ஒருவழிப்பட்டது. முன்னரே ஒப்புதல் பெற்ற எண்ணுக்குச் சிறையிலிருந்துதான் அழைப்பு வரும். வீட்டிலிருந்து திரும்ப அழைத்தல் இயலாது. ஆதலின் வெளியிலிருப்பவரே காத்திருப்போர் ஆகின்றார். குளிக்கச் செல்லும்போதும் தொலைபேசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துச் செல்வர். அறியாத எண்ணாயினும் எடுப்பர். தவறிய அழைப்பு ஒன்று அடுத்த முறை வரும்வரை உள்ளத்தை உறுத்தும். நடமாட்டம் தடுக்கப்பட்டவர் உள்ளே இருப்பவர் மட்டும் அல்லர்.

இரண்டாவது, காலம் வரையறைப்பட்டது. எந்நேரத்தில் துண்டிக்கப்படும் என்னும் உணர்வு பேச்சின் ஒவ்வொரு தொடரிலும் நிற்கின்றது. செய்யுளுக்கு அடிவரையறை போன்றது இது. எது முற்பட வேண்டும், எதனை விடல் வேண்டும் என்பதை இருவரும் முன்னரே எண்ணி வைப்பர். குறிப்பெழுதி வைத்துக்கொண்டு பேசுவாரும் உளர்.

மூன்றாவது, மறைந்து கேட்போர் இருபுறமும் உளர். சிறைப்பக்கத்துக் காவலரைக் கூறினோம். வீட்டுப் பக்கத்திலும் அலர் உண்டு. மகன் சிறையில் இருப்பதை அண்டை அயலார் அறியாதவாறு, வெளியூரில் வேலையாய் உள்ளான் என்று சொல்லி வைத்த குடும்பங்கள் பல. அழைப்பு மணி ஒலித்தவுடன் பின்கட்டுக்கோ மொட்டைமாடிக்கோ செல்லும் பெண், அலரஞ்சும் தலைவியின் நிலையினளே. பணி செய்யும் இடத்தில் அழைப்பு வரின், எதிரே நிற்பார் அறியாதவாறு முகத்தைக் காத்துக்கொண்டு பேச வேண்டும். ஆகவே இது இருபுறமும் வேலியுள்ள பேச்சு. இரட்டைச் சிறைப்புறம் எனலாம்.

6. ஒரு மாதிரிப் பேச்சு

இதனை விளக்குதற்கு இக்கட்டுரைக்கென அமைத்த ஒரு மாதிரிப் பேச்சைக் காண்போம். ஞாயிற்றுக்கிழமையன்று மகன் அழைக்கின்றான் எனக் கொள்க.

"சாப்ட்டியாம்மா?"
"ஆச்சுப்பா. நீ?"
"ஆச்சு. வக்கீல் வந்தாரா?"
"வந்தாரு. அடுத்த வாரம்னாரு."
"தங்கச்சி எங்க?"
"ஸ்கூலுக்குப் போயிருக்கா."
"சரிம்மா. பாத்துக்க."

சொற்களை மட்டும் நோக்கின் இதில் ஆராய்தற்கு ஒன்றும் இல்லை. காவலர் கேட்பினும் குறை காணார். முன்னம் என்னும் உறுப்பைக் கொண்டு நோக்குக. ஞாயிறன்று பள்ளி இல்லை. தாய் பொய்யுரைத்தாள் என்பதை மகன் அக்கணமே அறிகின்றான். தங்கை வீட்டில் இருக்கின்றாள், பேச மறுக்கின்றாள், அதனைத் தாய் சொல்ல விரும்பவில்லை. அவன் மேலும் வினவாது 'சரிம்மா' என்று விடுகின்றான். தான் அறிந்ததனைத் தாய் அறிய வேண்டா என்பது அவன் கருத்து. அவன் அறிந்தான் என்பதை அவளும் அறிவாள். ஈண்டுப் பொருள் தந்தது களனும் காலமுமே அன்றிச் சொல் அன்று.

எச்சத்தை நோக்குக. 'அடுத்த வாரம்' என்பதன்பின் வழக்கு, பிணை, கட்டணம் ஆகிய அனைத்தும் எஞ்சி நிற்கின்றன. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதும் அதில் அடங்கியிருக்கலாம். 'சாப்ட்டியா' என்பது உணவு பற்றிய வினா அன்று. உள்ளே உடம்பிற்கும் உயிர்க்கும் ஊறு இல்லை, வெளியே வாழ்வு நடக்கின்றது என்று இருவரும் ஒருவர்க்கொருவர் தரும் உறுதிமொழி அது. மெய்ப்பாடு முகத்தில் தோன்றுவது. முகம் காணாத பேச்சில் அது குரலின் நடுக்கத்திலும் இடையீட்டிலும் தங்குகின்றது. ஆதலின் கேட்போர், சொல்லைவிடச் சொல்லுக்கு முன்னுள்ள மூச்சையே மிகுதியும் கேட்கின்றனர்.

மறைந்து கேட்போர் எழுதி வைப்போராகவும் இருப்பின் எச்சம் உயிரையே தொடும். பேரறிவாளன் வழக்கு அதற்குச் சான்று. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அலுவலர், அவர் கூறியதனுள் ஒரு பகுதியை எழுதாது விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். மின்கலம் எதற்குப் பயன்படும் என்பது தமக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியே விடுபட்டது. கூற்று ஒன்று, பதிவான கூற்று வேறொன்று. கேட்போரின் இயல்பு கூற்றின் பயனை எங்ஙனம் மாற்றும் என்பதற்கு இதனை இலக்கணம் கற்போரும் அறிதல் நன்று.

7. முல்லையோ நெய்தலோ

சிறைப்பிரிவைப் பாலையில் அடக்குவாரும் உளர். பிரிந்தவனை நோக்கின் அது பொருந்தலாம். வீட்டில் இருப்போரை நோக்கின் முல்லையும் நெய்தலுமே பொருந்துவன. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். முல்லைத் தலைவி ஆற்றியிருத்தற்குக் காரணம், தலைவன் குறித்த கார்ப்பருவம். பருவம் உண்டெனின் காத்தலுக்கு வடிவம் உண்டு. ஆறு திங்கள் தண்டனை, மூன்று ஆண்டுத் தண்டனை என நாள் குறிக்கப்பட்டவரின் மனைவி முல்லைக்கு உரியவள். சுவரில் கோடிட்டு நாளெண்ணும் செயல் அவளுக்கு உண்டு. தொலைபேசியிலும் அவள் வருங்காலம் பேசுவாள்: வந்தபின் செய்ய வேண்டியவை, மகளின் பெயர்சூட்டு, வீட்டின் ஒழுகல்.

விசாரணைக் கைதிக்கு நாள் இல்லை. வாழ்நாட் சிறை என்பது வாழ்நாள் முழுமையையும் குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே தீர்ப்புரைத்தது. தண்டனைக் குறைப்பு அரசின் கையது. மரண தண்டனை பெற்றோர்க்கோ குறிக்கப்படும் நாளே அச்சந்தருவது. இவர்களுடைய வீட்டார்க்குக் கார்ப்பருவம் இல்லை. அவர்கள் பேச்சில் வருங்காலம் அருகி, நிகழ்காலமே மிகும்: உண்டாயா, உறங்கினாயா, மருந்து கிடைத்ததா. இது நெய்தலின் மொழி. பேரறிவாளன் 1991 ஜூனில் 19ஆம் அகவையில் கைதானார். 1998இல் மரண தண்டனை பெற்றார். 2014இல் அது வாழ்நாள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18இல் விடுதலையானார். அவர் தாயார் அற்புதம்மாள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறை வாயில்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நடந்தார். அவ்வாண்டுகளை முல்லை என்பதா, நெய்தல் என்பதா? இரங்கலுக்குரிய காலத்தில் அவர் இருத்தலை மேற்கொண்டார் என்பதே பொருந்தும். திணைமயக்கம் என்று நூல் கூறுவதன் உண்மையை இத்தகைய வாழ்வு விளக்குகின்றது.

அதே வழக்கில் சிறைப்பட்ட முருகனின் தந்தை 2020 ஏப்ரலில் இலங்கையில் இறந்தார். கடல்கடந்து இருக்கும் உறவினருடன் முருகனும் நளினியும் காணொலியில் பேச ஒப்புதல் வேண்டி, நளினியின் தாயார் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். மகனை இழந்தவர்போல் வாழும் முதிய தாயிடம் சில நிமிடம் பேசுதல் என்பது நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற வேண்டிய பொருளாயிற்று. நெய்தல் நிலத்தின் கடல் இங்கு உவமை அன்று, உண்மையாகவே இடைநின்றது.

8. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். அகத்திணை அன்புடைய இருவரின் ஒத்த காதலைப் பற்றியது. குற்றமும் தண்டனையும் அதற்குப் புறம்பானவை. எனவே அகத்தின் உறுப்புகளைச் சிறைப்பேச்சின்மேல் ஏற்றுதல் மரபுவழு என்பர். குற்றத்தால் துயருற்றோர் வேறு உளர். அவர் துயரை மறந்து கைதியின் வீட்டார்க்கு இரங்குதல் முறையோ என்றும் வினவுவர்.

முதற்றடைக்கு விடை: நாம் ஏற்றுவது திணைப்பொருளை முழுமையாக அன்று, கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்னும் செய்யுளுறுப்புகளையே. அவை அகத்திற்கு மட்டும் உரியன அல்ல. மேலும், அகத்தில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படாது என்னும் மரபு இங்கு எதிர்பாராத வகையில் பொருந்துகின்றது. உள்ளே இருப்பவர் எண்ணால் அறியப்படுகின்றார். வெளியே இருப்பவர் அலரஞ்சிப் பெயரை மறைக்கின்றார்.

இரண்டாம் தடை எளிதில் தள்ளற்பாலதன்று. கொலையுண்டவரின் வீட்டில் எந்தத் தொலைபேசியும் அக்குரலைக் கொண்டுவராது. இதனை மறக்கும் ஆராய்ச்சி நடுநிலை தவறியதாகும். ஆயினும், தண்டனை குற்றம் செய்தவர்க்கே உரியது. அவர் தாய்க்கும் மக்கட்கும் உரியதன்று. அவர்தம் துயரை அறிதல், குற்றத்தைச் சிறிதாக்குதல் ஆகாது. இழந்தோரின் கூற்றையும் அவ்வாறே தொகுத்து ஆராய்தல் வேண்டும் என்பதே இத்தடையினின்று நாம் கொள்ளத்தக்க பயன்.

9. முடிவுரை

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சாலை துர்க்காபாய் தேசுமுக்கின் பெயர் தாங்கியுள்ளது. 1930இல் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர் அவர். பின்னர் ஆந்திர மகிளா சபையை நிறுவியவர். அரசியல் நிர்ணய அவையில் உறுப்பினராய் இருந்தவர். சிறை சென்றோர் பெயரால் சாலை அமைதல் தகுதியுடையதே. வீட்டில் இருந்து காத்தோர் பெயரால் சாலையும் இல்லை, நூலும் அரிது. அமெரிக்காவில் மார்த்தா ரைட்டு என்னும் பார்வையிழந்த முதுமகள், சிறையில் இருந்த பேரனுடன் மடல்வழித் தொடர்பு கொள்ள இயலாமையால் தொலைபேசியையே நம்பியிருந்தார். அவ்வழைப்புகளின் பெருங்கட்டணத்தை எதிர்த்து 2003இல் அவர் கூட்டரசின் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 2023 சனவரியில் அவர் பெயரால் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. கேட்போர் ஒருவரின் பெயர் சட்டத்திற்கு அமைந்தமை அரிய நிகழ்ச்சி.

தமிழாய்வுத் துறைகள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மடல் தாளில் எஞ்சும். ஒரு பெட்டியில் கிடந்து பேரன் கையிற் கிட்டும். தொலைபேசிக் குரல் வீட்டில் எஞ்சாது. பதிவு எஞ்சுமாயின் அது கண்காணிப்போர் கையில் எஞ்சும். கேட்ட தாயிடம் நினைவு மட்டுமே எஞ்சும். ஒப்பாரியையும் தாலாட்டையும் ஊர்தோறும் சென்று தொகுத்த நாட்டுப்புறவியலார் நம்மிடையே உளர். அவ்வாறே, சிறையிலிருந்து வந்த அழைப்புகளைக் கேட்டோரிடம் அவர் நினைவிலுள்ள பேச்சை, அவர் இசைவுடன், பெயரும் ஊரும் மறைத்துத் தொகுத்தல் வேண்டும். எதனைக் கேட்டனர் என்பதோடு எதனைச் சொல்லாது விட்டனர் என்பதனையும் வினவிக் குறித்தல் வேண்டும். காலம் தாழ்ப்பின் தாயர் மறைவர். அவருடன் அப்பேச்சும் மறையும்.

சிறைப்புறத்து நின்று கேட்கும் செவியை முன்னிட்டுப் பாட்டு யாத்த மொழி தமிழ். அம்மொழியின் ஆராய்ச்சியாளர், புழற்சிறையிலிருந்து வரும் அழைப்பை எடுத்து 'ஆச்சுப்பா, நீ?' என்னும் தாயின் கூற்றையும் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் கடன்.